இருபத்தொண்ணாம் கல்

கல்லு ஓடின சேதியைக் கேக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: கல்லு ஏம்மா ஓடிச்சு? அதை என்னைக் கேக்காதீங்க. பொம்பளைங்க நாலு பேர் விடிகாலையில ரோட்டுல ஓடினப்போ, ஏம்மா ஓடறீங்கன்னு நல்லவிதமாக் கேட்ட ஒரு ஆளு எங்க வடகரைக்குப்பத்துல கிடையாது. எவன் துரத்தறான்னு கேட்டான், எவனைத் துரத்திகினு போறீங்கன்னு கேட்டான், டீக்கடை பெஞ்சுல கால்மேல கால் போட்டுகினு, துப்பட்டாவைச் சரியாப் போட்டுகினு ஓடுங்கம்மான்னு புத்தி சொன்னான். கல்லு ஓடினதுக்கு மட்டும் காரணம் வேணுமாம் எல்லாருக்கும். எனக்குத் தெரிஞ்சது நடந்தது மட்டுந்தான். அதைச் சொல்றேன், கோவமாத்தான் சொல்வேன், பொறுத்துக்க முடிஞ்சவங்க கேளுங்க.

நாங்க நாலு பேரும் பாலாத்துக்கு அந்தாண்ட இருக்கற ஷூ கம்பெனியில வேலை. நானும் குணசுந்தரியும் பக்கத்துப் பக்கத்து மிஷின்ல தைக்கறவங்க. ஜரீனா பேக்கிங். எப்சிபா செக்கிங். செக்கிங்னா, தைச்சு வர்ற ஷூவை டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தையல் தள்ளி விழுந்திருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாத் தள்ளிடணும், சரியா இருந்தா பச்சை ஸ்டிக்கர். எப்சிபா கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவ புருஷன் சட்டை பட்டனை மாத்திப் போட்டுகினு வந்தாக்கூட வாசல்லயே நிக்கவெச்சு, ரிஜெக்ட், உள்ள போய் மாத்திகினு வான்னுதான் சொல்லுவா.

எங்க கம்பெனியில தைக்கறதெல்லாம் ஓடறவங்க போடற ஷூ. எந்த தேசத்துலயோ, எந்தப் பார்க்கைச் சுத்தியோ ஓடற பொம்பளைங்க காலுக்குப் போறது. புது மாடல் வந்தா, ஆர்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி, யாராவது அதைப் போட்டுகினு ஓடிப் பார்த்து, எங்க கடிக்குது, எங்க பிரியுதுன்னு சொல்லணும். அதுக்கு வியர் ட்ரயல்னு பேரு. அதுக்குத்தான் எங்களைப் பிடிச்சாங்க. ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல, பஸ் ஸ்டாண்டாண்ட சைபர்னு போட்ட கிலோமீட்டர் கல்லுல ஆரம்பிச்சு மலையடிவாரத்துக்குப் போற ரோட்டுல ஓடுங்க, முடிஞ்சதும் ஒரு பிரியாணிப் பொட்டலம் தர்றோம்னாங்க. மொத நாள் நான் ரெண்டாங்கல்லுல வாந்தி எடுத்தேன். ஜரீனா அழுதா. எப்சிபா ஏசுவே ஏசுவேன்னுகினே நடந்தா. குணா மட்டும் இடுப்பைப் பிடிச்சுகினு குனிஞ்சு நின்னவ, நிமிர்ந்து பார்த்தா சிரிக்கறா. இன்னாடி சிரிப்புன்னா, தெரியலடி சுலோ, ஒடம்பு என்னுதுன்னு இன்னிக்குத்தான் தெரியுதுன்னா.

மழைக்காலம் ஒண்ணு வந்து போச்சு, ட்ரயலும் முடிஞ்சுது. ஒரு சனிக்கிழமை கம்பெனி கேட்டுலயே எங்க கால்ல இருந்த ஷூவைக் கழட்டி வாங்கிகினு போய், உள்ளே எப்படித் தேய்ஞ்சிருக்குன்னு பாக்கறதுக்காக கத்தியால ரெண்டாப் பொளந்தாங்க. நாங்க வெறுங்காலோட வீட்டுக்கு நடந்தோம். ஷூவைக் கழட்டிகினாங்க, சரி, ஓட்டத்தை எப்படிக் கழட்டுவாங்க? அடுத்த ஞாயித்துக்கிழமை விடிகாலையில யாரும் கூப்பிடாம நாலு பேரும் சைபர் கல்லாண்ட வந்து நின்னோம். கேட்டுக்கு வெளிய எடைக்குப் போடற ரிஜெக்ட் குவியல்ல பொறுக்கின ஷூ எங்க கால்ல. குணாவுக்கு இடது கால் நீலம், வலது கால் ஆரஞ்சு. கண்ணாடி மாதிரி தைக்கறவ, அவ தைச்சதுலயே ஒரு ஜோடி அவளுக்கு வாங்க வக்கில்ல.

எங்களுக்கு வாட்ச் கிடையாது, போனை வீட்டுல பசங்ககிட்ட விட்டுட்டு வந்துடுவோம், அதனால கல்லுதான் எங்களுக்குக் கணக்கு. ரோட்டோரத்துல கிலோமீட்டர் கல்லு வரிசையா நிக்குதில்ல, ஓடிப் போய் அதோட தலையில உள்ளங்கையை வெச்சு ஒரு தட்டு தட்டணும், தட்டினாத்தான் அந்தக் கல்லு உன்னுது. பக்கத்துல போய்த் திரும்பிட்டேன், நிழலைத் தொட்டேன், அதெல்லாம் செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டது எப்சிபா, ஒத்துகினது நாங்க எல்லாருந்தான். நான் பன்னெண்டோட நின்னவ. ஜரீனாவுக்கு மூட்டு வலி, அவ எட்டோட. ட்ரயலுக்குக் குடுத்த அட்டையில கடைசி வரியா இருபத்தொண்ணுன்னு போட்டிருந்தது, அரை மாரத்தான்னு சொல்றாங்களே, அது. குணாவுக்கு அந்த இருபத்தொண்ணு மேல கண்ணு விழுந்துடுச்சு.

ஏண்டி அதுமேல அவ்வளவு வெறின்னு ஒருநாள் கேட்டேன். மிஷினை ஓட்டிகினே சொன்னா. "சுலோ, முடியற வேலைன்னு ஒண்ணு சொல்லு பாக்கலாம். பாத்திரம் முடியுதா? துணி முடியுதா? தோ, இங்க எதிர்ல போர்டு கீது பாரு, மணிக்கு இத்தினி ஜோடின்னு எழுதறான், நாம மூத்திரத்தை அடக்கிகினு அந்த நம்பரைத் தொட்டா இன்னா பண்றான்? ஸ்பாஞ்சு எடுத்துத் தொடைச்சுட்டு அதுக்கு மேல ஒரு நம்பர் எழுதறான். கல்லு அப்படி இல்லடி. அது அங்கயே நிக்கும். நாம போய்த் தொட்டா தொட்டதுதான். எவனும் வந்து தொடைக்க முடியாது." அவ சொன்னது அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். தங்கம் கேக்கல, வைரம் கேக்கல, முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு கேட்டா.

அது லேசுல வரல. மொத தடவை பதினாறாங்கல்லுல குதிகால் பிடிச்சுகினு, காலை இழுத்து இழுத்து மில்லு கேட்டு வரைக்கும் வந்து பால் வண்டியில ஏறி வந்தா. ரெண்டாவது தடவை கிளம்பறதுக்கு முன்னாடியே சிக்குன்குனியா வந்து, சேலை கட்டக்கூட முடியாம கைகால் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துட்டா. எழுந்தவ மறுபடி மொதக் கல்லுலருந்து ஆரம்பிச்சா. அவ புருஷன் லாரியில கிளீனர், மாசத்துல பாதி நாள் ஊர்ல இருக்க மாட்டாரு, இருக்கற நாள்ல, ஓடிப் போய் கலெக்டர் ஆவப்போறியான்னு கேப்பாரு. இவ காலுக்கு வெந்நி ஊத்திகினு உக்காந்திருப்பா.

மூணாவது தடவை நாங்க மூணு பேரும் மொத பஸ்ஸைப் பிடிச்சு இருபத்தொண்ணாம் கல்லாண்ட எறங்கி நின்னோம். கண்டக்டர் ஏகாம்பரம், நல்ல மனுஷன், நானும் பாக்கறேன்னு பஸ்ஸை ஓரங்கட்டிட்டாரு. வர்றா. தூரத்துல நீலமும் ஆரஞ்சும் மாறி மாறித் தெரியுது. மூஞ்சி வெளுத்துப் போய், வாய் தொறந்து, ஒரு பக்கமா சாய்ஞ்சுகினு வர்றா. கல்லு பக்கத்துல வந்துட்டா, கையை நீட்டிட்டா, அப்பத்தான் தொடையில நரம்பு இழுத்துகினு குப்புற விழுந்தா. நீட்டின கை நீட்டினபடியே கெடக்குது. விரலுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு ஜாண். பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம் ஐயோன்னாங்க. எப்சிபா மட்டும் குனிஞ்சு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. பார்த்துட்டு, "தொடல"ன்னா. "ரிஜெக்ட்."

நாங்கதான் அவளைத் தூக்கினோம், தூக்கற சாக்குல அவ கையை அந்தக் கல்லுமேல வெச்சிருந்தா யார் கேக்கப் போறாங்க? வெக்கல. சட்டம்னா சட்டம். கம்பெனிக்காரன் எங்களுக்குள்ள அவ்வளவு ஆழமா உக்காந்திருந்தான், லீவு நாள்லயும் எறங்கல. குணா வாயில இருந்த மண்ணைத் துப்பிட்டு, அடுத்த தடவைன்னு மட்டும் சொன்னா.

அந்த அடுத்த தடவைதான் கல்லு ஓடிச்சு.

நல்ல பனி, புளியமரத்துல இருந்து சொட்டு சொட்டா விழுது, குணா இருபதாங்கல்லைத் தட்டிட்டு வர்றா, தெளிவா வர்றா, மூச்சு சீரா இருக்கு, நாங்க கையைத் தட்டறோம், எங்க பக்கத்துல நின்னுகினு இருந்த இருபத்தொண்ணாம் கல்லு, இடுப்பளவு மண்ணுல புதைஞ்சிருந்தது, பல்லு பிடுங்கற மாதிரி ஆடி ஆடி எழுந்து, வேர்ல இருந்த மண்ணை உதறிட்டு, ரோட்டோரமா மலைப் பக்கம் பார்த்துப் போக ஆரம்பிச்சுது. குணா வேகத்தைக் கூட்டினா, அதுவும் கூட்டிச்சு. குணா தளர்ந்தா, அதுவும் தளர்ந்துச்சு. ரொம்ப முன்னாடியும் போகல, கையும் எட்டவிடல. மாமரத் தோப்பு தாண்டி, செங்கல் சூளை தாண்டி, குணாவால முடியாம முட்டியைப் பிடிச்சுகினு நின்னப்போ அதுவும் ரெண்டு அடி தள்ளி நின்னுகிச்சு. ஏகாம்பரம் பஸ்லருந்து எட்டிப் பார்த்துட்டு, "இன்னாம்மே இது, இந்தக் கல்லுதானே ஸ்டேஜு, இனிமே டிக்கெட்டை எங்க பிரிக்கறது?"ன்னாரு. அவரு கவலை அவருக்கு.

ஊரு அதை ஏத்துகின வேகம் இருக்கே, அப்பப்பா! மறுநாள் காலையில கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் ஏறிடுச்சு. அடுத்த வாரம் ஒரு ஆளு உண்டியல் வெச்சுகினு உக்காந்துட்டான். பிளாட் போட்டு விக்கறவன், ஓடும் கல்லுக்கு மிக அருகில்னு நோட்டீஸ் அடிச்சான். ஷேர் ஆட்டோக்காரங்க, ஊரு தூரமாப் போயிடுச்சுன்னு கூடக் காசு கேட்டாங்க, சனங்களும் முனகிகினே குடுத்தாங்க. ரோடு ஆபீஸ்லருந்து ஆளுங்க வந்து, அது ஓடிப் போய் நின்ன எடத்துலயே குழி தோண்டி, கல்லை நிறுத்தி, சிமெண்டு போட்டு இறுக்கினாங்க. குணா மறுபடி ஓடி வந்தப்போ அது சிமெண்டோட பேத்துகினு போச்சு. அவங்க ரெண்டு நாள் யோசிச்சுட்டு, இருபத்தொண்ணை அழிச்சுட்டு, அது நின்ன எடத்துக்குத் தக்க இருபத்திமூணுன்னு பெயிண்டு அடிச்சுட்டுப் போயிட்டாங்க. வேலை முடிஞ்சுதுன்னு போட்டோவும் எடுத்துகினாங்களாம். கல்லு முதல்ல இருந்த எடத்துல ஒரு குழி. அதை மூடக்கூட எவனுக்கும் தோணல. மழைத் தண்ணி தேங்கி, அதுல தவளை.

இதுல கேளுங்க, நடந்து போறவங்களைப் பார்த்து அது ஓடல. பஸ்ல எறங்கிப் போய் மாலை போடறவங்களுக்கு ஓடல. நாயி வந்து காலைத் தூக்கிட்டுப் போனப்பகூட அசையாம நின்னுச்சு. ஓடி வர்றவளைப் பார்த்தாத்தான் ஓடும். ஜரீனா ஒருநாள் அதைப் பின்னாலருந்து கட்டிப் பிடிச்சுகினா, நீ வந்து தொடுடீன்னு கத்தினா, கல்லு அவளையும் இழுத்துகினு போச்சு, அவ முட்டியெல்லாம் தோலு போச்சு. இளவட்டப் பசங்க சங்கிலி போட்டுப் புளியமரத்துல கட்டினாங்க. சங்கிலி அறுந்துச்சு. எனக்குப் பொறுக்கல. "குணா, பஸ்ல போய் எறங்கி ஒரு தட்டு தட்டிட்டு வந்துடுடி, விட்டுது சனி"ன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வையில நான் ரெண்டு நாள் அவ பக்கத்து மிஷின்ல தலையைத் தூக்காம தைச்சேன்.

ஊரு அவளைச் சும்மா விடல. பொம்பளை ஓடினதால கல்லுக்குக் கோவம்னாங்க. தீட்டோட ஓடியிருப்பான்னாங்க. அவ மாமியார் வந்து, கல்லுக்கே உன் மூஞ்சி பிடிக்கலடின்னு சொல்லிட்டுப் போச்சு. அதே மாமியார்தான் அந்தக் கல்லைச் சுத்தி வந்து கன்னத்துல போட்டுகிச்சு. மனுஷியோட ஒழைப்பு கண்ணுக்குத் தெரியல, ஓடிப் போற கல்லு சாமியாத் தெரியுது, தூ! குணா அழுது நான் பார்த்ததில்ல, அந்த வாரம் பார்த்தேன். டாய்லெட்ல கொழாயைத் தொறந்துவிட்டுகினு அழுதா. "அது ஒண்ணாவது நிக்கும்னு நினைச்சேன் சுலோ. அதுக்கும் ஓடக் கத்துக் குடுத்துட்டானுங்க"ன்னா.

இதெல்லாம்கூடத் தாங்கிகினோம். மேனேஜர் பண்ணினதுதான் தாங்கல. அந்த ஆளுக்குக் கல்லு சேதி கேட்டதும் அப்படி ஒரு சந்தோஷம். போட்டோ எடுத்துப் பெருசா அடிச்சு எங்க லைனுக்கு எதிர்ல, போர்டுக்கு மேல மாட்டினாரு. மைக்கைப் பிடிச்சுகினு பேசினாரு. "பார்த்தீங்களாம்மா, ஒரு கல்லு நமக்குப் பாடம் சொல்லுது. டார்கெட்டுன்னா இப்படித்தான் இருக்கணும். நிக்கக் கூடாது. ஓடிகினே இருக்கணும். நாமளும் துரத்திகினே இருக்கணும். நம்ம குணசுந்தரி எவ்வளவு பெரிய முன்னுதாரணம்!" எல்லாரும் கை தட்டினாங்க. தட்டித்தான் ஆவணும், சூப்பர்வைசர் நித்தியானந்தம் நின்னு பாக்கறாரு. அன்னிக்குச் சாயங்காலமே ஸ்பாஞ்சு எடுத்துத் தொடைச்சு, நம்பரைக் கூட்டி எழுதினாங்க.

அதோட விட்டாங்களா? ஷூ வாங்கற வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்க, அவங்க முன்னாடி குணசுந்தரி ஓடணும், கல்லு ஓடணும், இதை வீடியோ எடுத்து எங்க கம்பெனி பொம்பளைங்க மனவுறுதியைப் பாருங்கன்னு காட்டணும்னு ஏற்பாடு. ரோடு பூரா கொடி, பேனர், கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். ஓடறதுக்குப் புது ஷூ ஒரு ஜோடி நீட்டினாரு நித்தியானந்தம். "ஓடி முடிச்சதும் கழட்டிக் குடுத்துடணும்மா, சாம்பிள் பீஸு"ன்னாரு. குணா அதை வாங்கல. "வேணாங்க சார். எங்கிட்ட கீது"ன்னு நீலத்தையும் ஆரஞ்சையும் மாட்டிகினா. ஓடமாட்டேன்னு சொல்லியிருக்கலாமேன்னு எனக்கு அடிச்சுகிச்சு. ஆனா ஓட்டம் அவளுது. அதைக் கம்பெனிக்காரன் கேட்டான்ங்கறதுக்காக அவ ஏன் விடணும்?

ஓடினா. நான் எத்தினியோ தடவை பார்த்திருக்கேன், அன்னிக்கு ஓடின மாதிரி பார்த்ததில்ல. பின்னால வேன், வேன்ல கேமரா, கேமராவுக்குப் பின்னால வெள்ளைத் தொப்பி போட்ட வெளிநாட்டு ஆளுங்க, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சனம், சாமி வருதுன்னு கும்புடறவ கும்புடறா, ஓடுறீ ஓடுறீன்னு கத்தறவ கத்தறா, தண்ணிப் பாக்கெட்டு பிச்சு மூஞ்சியில அடிக்கறான் ஒருத்தன், இவ யாரையும் பாக்கல, கல்லு கல்லாத் தட்டிகினே வர்றா, ஒவ்வொரு தட்டும் பளார் பளார்னு கேக்குது, அறை விழற மாதிரி கேக்குது, பதினாறாங்கல்லுல அவ குதிகால் போன எடத்தையும் அறைஞ்சுட்டு, இருபதாங்கல்லையும் அறைஞ்சுட்டு, வந்தா. நாங்க மூணு பேரும் பழைய எடத்துலயே நின்னோம். எங்களுக்கு வேற எடம் தெரியாது. மேனேஜரு மைக்கோட தூரத்துல, இருபத்திமூணுன்னு பெயிண்டு அடிச்ச கல்லாண்ட நின்னுகினு, வாம்மா, இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்னு கத்தறாரு.

குணா குழியாண்ட வந்தா. கல்லு பிடுங்கிகினு போன அந்தக் குழி. நின்னா. கண்ணை மூடிகினு ஒரு தடவை மூச்சு இழுத்தா. அப்புறம் ரெண்டு காலையும் ஒண்ணொண்ணா எடுத்து அந்தக் குழிக்குள்ள வெச்சு, கல்லு நின்ன எடத்துல, கல்லு நின்ன மாதிரியே நின்னா. முழங்கால் வரைக்கும் சேத்துத் தண்ணி. தவளை ரெண்டு எகிறி வெளிய விழுந்துச்சு.

மைக்ல இருந்து, "ஏம்மா, ஏறி வாம்மா, கல்லு இங்க கீது"ன்னு சத்தம்.

"கல்லு எங்கனா போவட்டும் சார்"னா குணா. அவளுக்கு மைக் வேண்டியிருக்கல. "நான் சொன்னது இந்த எடம். வந்துட்டேன். முடிஞ்சுது."

அப்ப எப்சிபா போனா. எனக்குப் பக்குனுச்சு, இந்தப் பாவி மறுபடி இன்னா சொல்லப் போறாளோன்னு. குழியாண்ட மண்டி போட்டா. அதே மாதிரி கண்ணைச் சுருக்கி, குணா காலைப் பார்த்தா, குழியோட ஓரத்தைப் பார்த்தா, தண்ணியில கையை விட்டு அடியில தடவிப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் ஜாக்கெட்டுக்குள்ளருந்து பச்சை ஸ்டிக்கர் சுருளை எடுத்து, ஒண்ணு உரிச்சு, எழுந்து நின்னு, வேர்வையில நனைஞ்ச குணா நெத்தியில அழுத்தி ஒட்டினா. ஒட்டின கை எடுக்கல. "அன்னிக்கே ஒட்டியிருக்கணும்டி"ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதா. நாங்களும் குழியில எறங்கிட்டோம். வெளிநாட்டுக்காரங்க கை தட்டினாங்க, பாவம், அவங்களுக்கு எல்லாம் திட்டப்படிதான் நடக்குதுன்னு நினைப்பு.

காருல பறந்து வந்த மேனேஜரு மூஞ்சி கறுத்துப் போச்சு. கல்லு அங்கயே நின்னுச்சு. துரத்திகினு யாரும் வரலன்னதும் அதுக்கு இன்னா பண்றதுன்னு தெரியல போலிருக்கு. நாங்க பஸ் ஏறறப்போ திரும்பிப் பார்த்தேன், தூரத்துல புள்ளியாத் தெரிஞ்ச அது கொஞ்சம் எங்க பக்கமா நகர்ந்த மாதிரி இருந்துச்சு. போடான்னு விட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாள் திங்கக்கிழமை. குணா நெத்தியில ஸ்டிக்கர் அப்படியே இருக்கு, குளிச்சப்பவும் எடுக்கல போல. போர்டுல நம்பர் எழுதியிருக்கு, தைக்கறோம். மொத மணி முடியறதுக்குள்ள அந்த நம்பரைத் தொட்டுட்டோம். நித்தியானந்தம் வந்தாரு, ஸ்பாஞ்சை எடுத்தாரு, தொடைச்சாரு, புது நம்பரை எழுத மார்க்கர் மூடியைத் தொறந்தாரு.

குணா மிஷின் பெடல்லருந்து காலை எடுத்தா.

அவ்வளவுதான். கத்தல, எழுந்திருக்கல. காலை எடுத்துப் பக்கத்துல தரையில வெச்சுகினு, கையை மடியில வெச்சுகினு உக்காந்திருந்தா. அவ மிஷின் நின்ன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நானும் எடுத்தேன். பயந்துகினேதான் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன், இந்த வேலை போனா என் பசங்களுக்குச் சோறு இல்ல. எனக்கு அடுத்தவ எடுத்தா. அவளுக்கு அடுத்தவ. வரிசையா எடுத்துகினே போனாங்க. நாங்க சேர்ந்த நாள்லருந்து அந்த ஹால்ல மிஷின் சத்தம் இல்லாம இருந்ததே இல்ல. ஃபேன் சுத்தற சத்தம் கேட்டுச்சு. வெளிய மரத்துல காக்கா கத்தறது கேட்டுச்சு. எப்சிபா கையில இருந்த ஷூவைக் கீழே வெச்சா. ஜரீனா பேக்கிங்ல டேப்பைக் கீழே வெச்சுட்டு வந்து வாசப்படியில நின்னா.

மேனேஜரு ஓடி வந்தாரு. அந்த ஆளு ஓடி அன்னிக்குத்தான் நாங்க பார்த்தோம். "இன்னாம்மா இது? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன், தெரியுமில்ல?"

"எழுதின நம்பரு முடிஞ்சுது சார்"னா குணா. "தொடைக்காம அப்படியே வுடுங்க, நாளைக்கும் தொடறோம். தொடைச்சா தொட மாட்டோம்."

"குணசுந்தரி, நீ ஒரு முன்னுதாரணம்மா..."

"ஆமா சார். பாருங்க, எல்லாரும் என்னை மாதிரியே உக்காந்துகினு கீறாங்கோ."

யாரோ ஒருத்தி களுக்குனு சிரிச்சா. அந்தச் சிரிப்பு லைன் பூரா ஓடிச்சு. அப்பத்தான் வாச்மேன் மூச்சு வாங்க உள்ள வந்து, சார், கேட்டுல கல்லு வந்து நிக்குதுன்னான்.

போய்ப் பார்த்தோம். மஞ்சளும் குங்குமமும் கரைஞ்சு வழிய, அடியில சிமெண்டுக் கட்டியோட, ரோடு பூரா கோடு இழுத்துகினு அவ்வளவு தூரமும் தானே வந்து, கம்பெனி கேட்டுக்கு நட்டநடுவுல நின்னுகினு இருந்துச்சு. ஷூ ஏத்தின கண்டெய்னர் லாரி வெளிய போக முடியல. லோடு தூக்கற ஆளுங்க அத்தினி பேரும் சேர்ந்து தள்ளினாங்க. அசையல. மண்ணை விட்டு எழுந்த நாள்லருந்து ஓடிகினே இருந்தது, அன்னிக்கு மலை மாதிரி உக்காந்துடுச்சு.

அன்னிக்குப் பூரா மிஷின் ஓடல. நித்தியானந்தம் ஸ்பாஞ்சைக் கையில வெச்சுகினு போர்டு முன்னாடியே நின்னாரு, எழுதவும் இல்ல, அழிக்கவும் இல்ல. சாயங்காலம் பெல் அடிச்சுது. வெளிய போன ஒவ்வொருத்தியும், ஓடினவ, ஓடாதவ, ஓடினதுக்கு எங்களைத் திட்டினவ, எல்லாரும் போற போக்குல அந்தக் கல்லு தலையில பளார்னு ஒண்ணு வெச்சுட்டுப் போனாங்க. அது வாங்கிகினே நின்னுச்சு.

குணா கடைசியா வந்தா. அவ தட்டல. அதைச் சுத்திப் பார்த்துட்டு, புடவையைச் சேர்த்துப் பிடிச்சுகினு, அதுமேல ஏறி உக்காந்தா. ஆரஞ்சு ஷூவைக் கழட்டி உதறினா, உள்ளருந்து மண்ணு கொட்டுச்சு. பின்னால மேனேஜரு காரு வந்து நின்னு, வழிவிடுன்னு ஆரன் மேல ஆரன் அடிச்சுது. அவ திரும்பிக்கூடப் பாக்கல, நிதானமா நீல ஷூவையும் கழட்டினா.

"முடிஞ்சுது சார்"னா. "நாளைக்கு வாங்க."